‘அவ்வளவு உயரத்துக்கு ஆசைப்படாதே’ என்றாரா ஆலோசகர்?

ஐயா, நியூ ஜெர்சியிலிருந்து நீங்கள் எழுதிய நீண்ட மின்னஞ்சலில் என்னைத் தைத்தது ஒரு வரிதான். பதினோராம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள் வழக்கறிஞராக விரும்புகிறாள். அதற்கு முன் பட்டப்படிப்பை ஹார்வர்டில் முடிக்க ஆசைப்படுகிறாள். பள்ளி ஆலோசகரோ, ‘அவ்வளவு உயரத்துக்கு ஆசைப்பட வேண்டாம்’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ‘அனுபவசாலி சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?’ என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

எப்போதும் அப்படி இல்லை. 1980களில் மியாமியில் ஒரு கறுப்பின மாணவி ஹார்வர்டில் சேர விரும்புவதாகச் சொன்னபோது, அவருடைய பள்ளி ஆலோசகரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். அந்த மாணவி கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன். 2022 ஏப்ரல் 7 அன்று 53-க்கு 47 என்ற வாக்குகளில் செனட் அவரை அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக ஏற்றது. அந்த நீதிமன்றத்தின் 116-ஆவது நீதிபதி அவர். கறுப்பினப் பெண்களில் முதலாமவர்.

ஆலோசகர் பேச்சையே கேட்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் என் பிழைப்பு என்னாவது? அந்த ஆலோசகருக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்கும் என்று பாருங்கள். ஜாக்சன் மாணவர் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், பேச்சுப் போட்டிகளில் வென்றவர். ஒரு போட்டிக்காக ஹார்வர்டுக்கே போய் வந்தபோதுதான் அங்கே படிக்கும் ஆசை அவருக்கு வந்தது. இத்தனைக்குப் பிறகும் உயரம் அதிகம் என்றால் அளவுகோல் எங்கேயோ கோணியிருக்கிறது.

நானும் அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பையனிடம் அவன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டேன். பதிலைக் கேட்டதும், ‘அந்தப் படிப்பு உனக்குச் சரிப்படாது தம்பி’ என்றேன். அவன் கொண்டுவந்த மதிப்பெண் பட்டியல் நான்காக மடித்தபடி என் மேசைமேல் கிடந்தது. நான் அதைப் பிரிக்கவேயில்லை.

ஆகவே நீங்கள் ஆலோசகரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எதில், எவ்வளவு குறைகிறது? அவர் எண்களைக் காட்டினால் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். முந்தைய ஆண்டில் சேர்ந்தவர்களின் மதிப்பெண் விவரங்களைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் வெளியிடுகின்றன. உங்கள் மகளின் மதிப்பெண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சண்டை மட்டும் வேண்டாம். பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவர் அவர்தான்.

அடுத்தது உங்கள் கவலை. மின்னஞ்சலில் ‘கம்ப்யூட்டர் சயின்ஸ்’ ஐந்து முறை வருகிறது. சட்டம் அவளுக்கு ஏன் பிடிக்கிறது என்பது ஓரிடத்திலும் இல்லை. ஜாக்சனின் பெற்றோர் ஆசிரியர்கள். தந்தை பிறகு சட்டம் படிக்கச் சேர்ந்ததால் குடும்பம் வாஷிங்டனிலிருந்து மியாமிக்குக் குடிபெயர்ந்தது. மேசையின் ஒரு பக்கம் அப்பா சட்டப் புத்தகங்களைப் பரப்பி வைத்திருக்க, எதிர்ப் பக்கம் பள்ளிக்கூடம் போகாத வயதில் மகள் வண்ணம் தீட்டும் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். சட்டத்தின்மேல் ஆசை அந்த மேசையில்தான் தொடங்கியது என்று அவரே சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டு மேசையில் என்ன பேச்சு நடக்கிறது?

அமெரிக்காவில் சட்டம் மூன்றாண்டுப் படிப்பு. நான்காண்டுப் பட்டம் முடித்த பிறகுதான் அது. பட்டம் எந்தப் பாடத்திலும் இருக்கலாம், உங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் உட்பட. பதினேழு வயதில் எதுவும் முடிவாகிவிடாது. ஜாக்சனும் பட்டம் பெற்றதும் ஓராண்டு ஒரு செய்தி இதழில் வேலை பார்த்துவிட்டுத்தான் சட்டக் கல்லூரிக்குள் நுழைந்தார். 2005 முதல் 2007 வரை, வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசு ஊதியத்தில் வாதாடினார். பெரிய நிறுவனச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது இறக்கம்தான். ஆனால் மத்திய அரசின் அந்தப் பணியைச் செய்துவிட்டு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தவர் அவருக்கு முன் ஒருவரும் இல்லை.

படிப்புச் செலவுக்குப் பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். ஜாக்சன் தன் முன்னோடியாகச் சொல்பவர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி. இருவருக்கும் பிறந்த நாள் செப்டம்பர் 14; இடையில் 49 ஆண்டுகள். பள்ளிப் படிப்பு முடிந்தபின் கல்லூரிக்குக் காசில்லாமல் இருந்த மோட்லி, நியூ ஹேவனில் கறுப்பின மக்களுக்கென இருந்த சமூகக் கூடத்தில் எழுந்து, இதை நடத்துவதில் எங்களுக்கு ஏன் பங்கில்லை என்று கேட்டார். கூடத்துக்குப் பணம் கொடுத்த கிளாரன்ஸ் பிளேக்ஸ்லீ என்ற வெள்ளையரும் அங்கே இருந்தார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அந்தப் பெண்ணின் படிப்புச் செலவை ஏற்றார். 1966-இல் மோட்லி அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் கூட்டாட்சி நீதிபதியானார். எல்லோருக்கும் ஒரு பிளேக்ஸ்லீ கிடைக்கமாட்டார் என்பது எனக்கும் தெரியும். ஆனால் உதவித்தொகைக்கு எழுதும் கட்டுரையை அடக்க ஒடுக்கமாக எழுதும்படி மகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

அங்கே தனியாக எப்படி இருப்பாள் என்று அவள் அம்மா கலங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். கலங்கும்படிதான் இருக்கும். முதல் பருவத்தில் வீட்டு ஞாபகம் வாட்ட, ஒரு மாலை ஜாக்சன் ஹார்வர்டு வளாகத்தில் நடந்துகொண்டிருந்தார். எதிரே வந்த முன்பின் தெரியாத கறுப்பினப் பெண் ஒருவர், கடந்து போகும்போது சற்றே சாய்ந்து ‘தளராதே’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனாராம். செனட் விசாரணையில் ஜாக்சன் நினைவுகூர்ந்தது இது. உங்கள் மகளுக்கு அதை வழிப்போக்கர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவள் அம்மா இன்று இரவே சொல்லலாம்.

பத்துக் கல்லூரிகளின் பட்டியல் ஒன்றை மகளையே தயாரிக்கச் சொல்லுங்கள்: எட்டாதது போல் தெரிபவை மூன்று, எட்டக்கூடியவை நான்கு, உறுதியாகக் கிடைப்பவை மூன்று. ஆலோசகர் தரும் எண்களையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். அடுத்த அழைப்பில் மகளும் இருக்கட்டும். பாதி நேரம் அவள் பேசட்டும்.