லிங்கன் ஹைவேயைத் தேடிப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

லிங்கன் ஹைவே என்பது அமெரிக்காவின் குறுக்கே, நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் தொடங்கி சான் பிரான்சிஸ்கோவின் லிங்கன் பூங்காவில் முடிகிற பழைய கார் பாதை. 1913-இல் அறிவித்தபோது நீளம் 3,389 மைல். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் இதன் துண்டுகளைத் தேடி ஓட்டுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நண்பர்கள் கேட்டவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, மேப்பில் தேடினால் ஒரே ஊரில் மூன்று இடத்தில் "லிங்கன் ஹைவே" என்று வருகிறதே, எது அசல்?

மூன்றுமே அசல்தான். பாதையை அறிவித்த நாளிலிருந்தே வளைவுகளை நிமிர்த்திக்கொண்டே இருந்தார்கள். கொலராடோவுக்குள் போய்வந்த ஒரு சுற்றை 1915-லேயே வெட்டிவிட்டார்கள். 1926-இல் சாலைகளுக்கு எண் கொடுத்தபோது இதன் பெரும்பகுதி யு.எஸ். 30 என்ற எண் சாலை ஆனது. அப்புறம் மேற்கே ஐ-80 என்ற இன்டர்ஸ்டேட் (மாநிலங்களை இணைக்கும் அதிவேக) நெடுஞ்சாலை வந்து பல இடங்களில் அதையும் ஓரங்கட்டியது. அதனால் ஆண்டைச் சொல்லாமல் "அசல் பாதை எது" என்று கேட்டால் பதில் கிடையாது. லிங்கன் ஹைவே சங்கத்தின் இணைய வரைபடம் ஒவ்வொரு காலத்துப் பாதையையும் பிரித்துக் காட்டுகிறது. அதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், ஜி.பி.எஸ். குரலை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அது உங்களை ஐ-80-இலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

இதை அரசாங்கம் போட்டதா சார்?

இல்லை. கார்ல் ஃபிஷர் என்பவரின் யோசனை. கார் முகப்பு விளக்குத் தொழிலில் சம்பாதித்தவர், இண்டியானாபொலிஸ் பந்தயத் திடலை உருவாக்கியவர்களில் ஒருவர். கார் கம்பெனிகளிடம் நன்கொடை திரட்டி நாடு முழுக்கச் சாலை போட்டுவிடலாம் என்று நினைத்தார். பேக்கார்ட் கார் கம்பெனியின் ஹென்றி ஜாய் சேர்ந்தார், குட்இயர் டயர் கம்பெனியின் சைபர்லிங் சேர்ந்தார். ஹென்றி ஃபோர்டு மட்டும் கைவிரித்துவிட்டார். தனியார் சாலை போட ஆரம்பித்தால் அரசாங்கம் எப்போதும் போடாது என்பது அவர் வாதம். அதிலும் நியாயம் இருந்தது.

பணம் சேரவில்லை. அப்போது செய்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம். சாலை போடுவதை விட்டுவிட்டு, இருக்கிற பாதைகளுக்குப் பெயர் சூட்டி, மாதிரிக்கு அங்கங்கே ஒரு மைல் மட்டும் கான்கிரீட் போட்டார்கள். நாற்று மைல் என்று பெயர். முதல் நாற்று 1914-இல் இல்லினாய்ஸின் மால்டா ஊருக்குப் பக்கத்தில். சிமெண்டை சிமெண்ட் கம்பெனிகள் இலவசமாகக் கொடுத்தன. நினைத்துப் பாருங்கள்: அச்சு வரை சேற்றில் புதைந்து வருகிறீர்கள், திடீரென்று ஒரு மைல் வழுவழுப்பு, மறுபடி சேறு. ஊர்க்காரர்களுக்கு எரிச்சல் வரவேண்டும், எரிச்சலில் மிச்சத்தையும் போடச் சொல்லிக் கேட்கவேண்டும் என்பதுதான் திட்டமே.

அந்தக் காலத்தில் இதில் ஓட்டியவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

1916 வழிகாட்டி நூல் மணிக்குச் சுமார் 18 மைல் வேகத்தில் 20 முதல் 30 நாள் ஆகும் என்கிறது. ஒருவருக்கு ஒரு நாள் செலவு 5 டாலருக்கு மிகாதாம். யூட்டா பாலைவனத்தில் ஃபிஷ் ஸ்பிரிங்ஸ் பக்கம் வண்டி மாட்டிக்கொண்டால் சொல்லியிருக்கும் உபாயம் அருமை: புதர்ச் செடிகளைக் குவித்துத் தீ மூட்டுங்கள், 20 மைலுக்கு அப்பாலிருந்தும் அந்தப் பக்கத்துக்காரரான தாமஸ் பார்த்துவிட்டுக் குதிரைகளோடு வருவார். நம் காலத்து "ரோட்சைட் அசிஸ்டன்ஸ்" இதைவிட வேகமாக வருகிறதா என்று எனக்குச் சந்தேகம். போனில் காத்திருந்து காது சூடான அனுபவம் உண்டு.

1919-இல் ராணுவமே வாஷிங்டனிலிருந்து ஒரு வாகன வரிசையை அனுப்பிப் பார்த்தது. பெரும்பகுதி இந்தப் பாதையில்தான். சான் பிரான்சிஸ்கோ சேர 62 நாள். கூடப் போன இளம் அதிகாரிகளில் ஒருவர் ஐசன்ஹோவர். 1956-இல் இன்டர்ஸ்டேட் சாலைகளுக்கான சட்டத்தில் அதிபராகக் கையெழுத்திட்டவர் அவரே.

ஒமாஹாவில் இருக்கிறோம், ஒரு பகல்தான் நேரம். எங்கே போகலாம்?

ஒமாஹாவின் மேற்கு ஓரத்திலுள்ள எல்க்ஹார்ன் செங்கல் சாலைக்குப் போங்கள். 1920-இல் பாவியது, ஏறக்குறைய மூன்று மைல். கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டுங்கள். டயர் அடியில் கடகடவென்று ஓர் ஒலி வரும், ஸ்டியரிங்கில் பிடித்த கை வரை அதிரும். இன்னும் நேரம் இருந்தால் மிசௌரி ஆற்றைத் தாண்டி அயோவாவின் வுட்பைனில் தெருவே செங்கல்தான்.

இன்னொரு நாள் கிடைத்தால் அயோவாவின் டாமா. 1915-இல் கட்டிய சின்னப் பாலம். கைப்பிடிச் சுவரிலேயே "லிங்கன் ஹைவே" என்று எழுத்து எழுத்தாகக் கான்கிரீட்டில் வார்த்திருப்பார்கள். கார் ஐந்து நொடியில் கடந்துவிடும், ஓரமாக நிறுத்தி இறங்கினால்தான் தெரியும்.

நான் வாங்கிய பண்ணை ஓரத்தில் லிங்கன் தலை பதித்த கான்கிரீட் தூண் ஒன்று இருக்கிறது. வீட்டுத் தோட்டத்துக்கு மாற்றிவைக்கலாமா?

வேண்டாம் தம்பி, வேண்டவே வேண்டாம். 1928 செப்டம்பர் 1-ஆம் தேதி சாரணச் சிறுவர்கள் நாடு முழுக்க நட்டவற்றில் ஒன்று அது. கிட்டத்தட்ட 3,000 நட்டார்கள், இடத்தை விட்டு நகராதவை கொஞ்சம்தான். அதில் அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அந்தக் காலத்துக் கார் அங்கே எந்தப் பக்கம் திரும்பியது என்பதற்கு அதுவே சாட்சி. தோட்டத்துக்குப் போனால் வெறும் அலங்காரக் கல். படம் எடுத்து, இடத்தைக் குறித்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னாலும் அவர்களைக் கேளுங்கள்.

யூட்டா பாலைவனப் பகுதியைச் சாதாரண செடானில் ஓட்டலாமா?

மண் காய்ந்திருந்தால், தண்ணீரும் ஸ்பேர் டயரும் இருந்தால், மெதுவாகப் போகலாம். மழை பெய்திருந்தால் திரும்பிவிடுங்கள். பழைய பாதையின் ஒரு பகுதி டக்வே ராணுவச் சோதனைத் தளத்துக்குள் இருக்கிறது, அங்கே அனுமதி கிடையாது.

இதையெல்லாம் பாதுகாக்க நம்மால் என்ன செய்யமுடியும்?

இதுவரை எது காப்பாற்றியது என்று பாருங்கள்: அலட்சியம்தான். நல்ல சாலையென்று எல்லோரும் ஓட்டிய இடங்களை அகலப்படுத்தித் தார் ஊற்றி மூடிவிட்டார்கள். புதுச் சாலை வந்து ஒதுக்கிவிட்ட இடங்களில்தான் எல்க்ஹார்ன் செங்கல் போன்றவை பிழைத்தன. அதனால் அழகுபடுத்தும் திட்டம் என்று யாராவது வந்தால் எனக்குக் கொஞ்சம் பயம். கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) கூட்டத்தில் பாலத்தை இடிக்கப் பேசுகிற அன்று அங்கே இரண்டு பேர் எழுந்து நின்றால் போதும். 1992-இல் சங்கத்துக்கு மறுபடி உயிர் கொடுத்ததும் இப்படிப்பட்ட ஆர்வலர்கள்தான்.

குழந்தைகள் பின் சீட்டில் சலித்துப்போவார்களே அண்ணா?

சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டையில் "எல்" எழுத்து, இதுதான் லிங்கன் ஹைவே அடையாளம், மின்கம்பங்களில் வரும். எண்ணச் சொல்லுங்கள். அயோவாவில் நான் தவறவிட்ட ஒரு திருப்பத்தை என் மகள்தான் கண்டுபிடித்தாள். அன்றைய ஐஸ்கிரீம் என் செலவு.