சாவி கைக்கு வர மூன்று நாள். உள்ளே இன்னும் ஒருவர் குடியிருக்கிறார்

கேள்வி: ஐயா, வணக்கம். செங்காங்கில் இருந்த எங்கள் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்றுவிட்டு, பாசிர் ரிஸில் ஒரு மறுவிற்பனைக் கூட்டுரிமை வீட்டை 1.3 மில்லியன் வெள்ளிக்கு வாங்குகிறோம். 5 விழுக்காடு கொடுத்துவிட்டோம். வரும் வெள்ளிக்கிழமை, மீதிப் பணமும் சாவியும் கைமாறும் விற்பனை நிறைவு நாள். நேற்று கடைசியாக ஒருமுறை வீட்டைப் பார்க்கப் போனோம். பெரிய படுக்கையறையின் குளியலறையில் மேலிருந்து தண்ணீர் சொட்டுகிறது; கீழே வாளி வைத்திருக்கிறார்கள். இரண்டு அறைகளில் ஏர்கான்களைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். சுவரில் ஓட்டையும், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் குழாயும்தான் மிச்சம். மூன்றாவது அறையில் விற்பவரின் மைத்துனர் குடியிருக்கிறார். “இரண்டு வாரத்தில் போய்விடுவார், நீங்கள் பணத்தைக் கட்டிவிடுங்கள், அதுவரை வாடகை தருகிறோம்” என்று விற்பவரின் முகவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். எல்லாம் சரியாகும்வரை ஒரு காசு கொடுக்கக் கூடாது என்கிறார் என் கணவர். விற்ற வீட்டில், வாங்கியவர்களின் சம்மதத்துடன் இந்த மாதக் கடைசி வரை மட்டுமே தங்கியிருக்கலாம். மாமியாருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அவரை அழைத்துக்கொண்டு எங்கே போவது என்றே தெரியவில்லை. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அம்மா, நாள் நெருக்கடியால் உங்களுக்கு அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே சிக்கலில் பலர் மாட்டிக்கொள்வதால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முகவர் சொல்வதையும் கேட்காதீர்கள், உங்கள் கணவர் சொல்வதையும் கேட்காதீர்கள். முகவர் சொல்வதுபோல் செய்தால் பணம் போய்விடும், வீடு கைக்கு வராது. கணவர் சொல்வதுபோல் செய்தால், இதுவரை ஒப்பந்தத்தை மீறாத நீங்கள் மீறியவர் ஆகிவிடுவீர்கள். வெள்ளிக்கிழமை நீங்கள் பணத்துடன் தயாராக இல்லை என்றால், தவறு யாருடையது என்ற கேள்வியில் விற்பவரின் வழக்கறிஞருக்கு நல்ல பிடி கிடைத்துவிடும். உங்களுடைய 65,000 வெள்ளி முன்பணம் அந்தக் கேள்வியின் விடையில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் சொல்லும் மூன்று குறைகளும் சட்டத்தின் பார்வையில் ஒரே எடை உடையவை அல்ல. மைத்துனர் விஷயம்தான் கனமானது. வீட்டை வாங்கும் உரிமையை உங்களுக்குத் தந்த ஆப்ஷன் பத்திரத்தை எடுத்து, வீடு காலியாக ஒப்படைக்கப்படும் என்று எழுதியிருக்கிறதா, வாடகைதாரருடன் விற்கப்படுகிறது என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குடும்பத்தோடு குடியேறுவதற்கு வாங்கியிருப்பதால் முதலாவதாகத்தான் இருக்கும். காலியாக என்றால் ஆளும் இருக்கக் கூடாது, அவருடைய கட்டிலும் அலமாரியும் இருக்கக் கூடாது. அப்படி ஒப்படைக்க முடியாத விற்பவர், நிறைவுக்குத் தயாராக இல்லாத விற்பவர்தான். உங்கள் பேரத்தின் பலம் முழுவதும் இங்கே இருக்கிறது.

தண்ணீர் சொட்டுவது அப்படியல்ல. சிங்கப்பூரில் பெரும்பாலான மறுவிற்பனை ஒப்பந்தங்கள் வழக்கறிஞர் சங்கத்தின் விற்பனை நிபந்தனைகளைத் தழுவியே எழுதப்படுகின்றன; இப்போது வழக்கத்தில் உள்ளவை 2020ஆம் ஆண்டு நிபந்தனைகள். வீடு இருக்கும் நிலையிலேயே விற்கப்படுகிறது, வாங்குபவர் பார்த்துத் தெரிந்துகொண்டே வாங்குகிறார் என்பதுதான் அவற்றின் போக்கு. ஆகவே கூரைக் கசிவை மட்டும் காட்டி “நிறைவு செய்ய மாட்டேன்” என்று சொன்னால் பெரும்பாலும் நிற்காது. ஒரு விலக்கு உண்டு. “இந்த வீட்டில் கசிவே கிடையாது” என்று விற்பவரோ முகவரோ நீங்கள் கேட்டபோது தெளிவாகச் சொல்லியிருந்து, அது பொய் என்றும், அதை நம்பித்தான் வாங்கினீர்கள் என்றும் காட்ட முடிந்தால், இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. வீட்டைப் பார்த்த காலத்துக் குறுஞ்செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

ஏர்கான் விஷயம் பட்டியலைப் பொறுத்தது. எந்தெந்தப் பொருள்கள் வீட்டோடு சேரும் என்று ஆப்ஷனில் ஓர் இணைப்பு இருக்க வேண்டும். அதில் ஏர்கான் இருந்தால் கழற்றியது ஒப்பந்த மீறல். மாற்றிப் பொருத்த ஆகும் செலவை விலைமதிப்பீட்டோடு கேட்கலாம். இது பணத்தால் தீரும் குறை. இதற்காக வீட்டையே வேண்டாம் என்று சொல்ல முடியாது.

இனி அந்த வாட்ஸ்அப் யோசனைக்கு வருகிறேன். நிறைவு நாளில் நடப்பது கையிலே காசு, வாயிலே தோசை என்ற கணக்குதான். கேஷியர்ஸ் ஆர்டர்கள் (வங்கியே எழுதித் தரும் காசோலைகள்) ஒரு கையில் போகும்போது உரிமை மாற்றுப் பத்திரமும் சாவியும் மறு கையில் வர வேண்டும். முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு, உள்ளே ஒருவரை விட்டுவைத்தால், அவர் அந்த நிமிடத்திலிருந்து உங்கள் பிரச்சினை. மைத்துனர் என்று சொல்கிறார்களே தவிர, அவரிடம் எழுதிய வாடகை ஒப்பந்தம் ஏதாவது இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. 7 ஆண்டுக்கு மேற்படாத வாடகை உரிமையோடு ஒருவர் உள்ளே குடியிருந்தால், நில உரிமைச் சட்டப்படி அந்த உரிமை புதிய உரிமையாளரையும் கட்டுப்படுத்தும். பதிவேட்டில் அது தெரியாது. நகரச் சீரமைப்பு ஆணையத்தின் விதிப்படி தனியார் வீட்டைக் குறைந்தது 3 மாதத்துக்குத்தான் வாடகைக்கு விட முடியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். “இரண்டு வார வாடகை” என்று முகவர் ஜாலியாக எழுதுகிறார். அதற்குப் பதில் சொல்லப்போவது நீங்கள். உங்கள் வங்கியும் நீங்களே குடியிருப்பீர்கள் என்ற அடிப்படையில்தான் கடன் கொடுத்திருக்கக்கூடும்.

அந்தச் செய்திக்குச் “சரி” என்றோ, கட்டைவிரல் படமோ அனுப்ப வேண்டாம். “எங்கள் வழக்கறிஞர் மூலம் பேசுங்கள்” என்று ஒரு வரி போதும். நீங்கள் தாமதத்துக்குச் சம்மதித்தீர்கள் என்று பிறகு காட்ட அந்த ஒற்றைக் கட்டைவிரலே போதுமானதாகிவிடும்.

இன்றே செய்ய வேண்டியது, உங்கள் வழக்கறிஞரைக் கொண்டு விற்பவரின் வழக்கறிஞருக்கு ஒரு கடிதம். வெள்ளிக்கிழமை நிறைவு செய்ய நீங்கள் தயார், பணம் தயார், வீடு காலியாக வேண்டும், மைத்துனர் இருப்பதையும் ஏர்கான் இல்லாததையும் இன்ன தேதியில் பார்த்தோம், படங்கள் இணைப்பில் என்று அதில் இருக்க வேண்டும். கோபமான சொற்கள் வேண்டாம். கூடவே வங்கிப் பணமும் மத்திய சேம நிதிப் பணமும் அன்று வந்துசேருமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். விற்பவரைக் குற்றம் சொல்லிக்கொண்டே உங்கள் தரப்பில் ஒரு கேஷியர்ஸ் ஆர்டர் வராமல் போனால், இருவரும் தயாராக இல்லை என்ற அசிங்கமான நிலை வந்துவிடும்.

இந்தக் கடிதம் போனதும் பெரும்பாலும் மைத்துனருக்கு வேறு இடம் கிடைத்துவிடும். கிடைக்கவில்லை என்றால் உங்கள் முன் இரண்டு வழிகள்.

ஒன்று, நாளைத் தள்ளிப்போடுவது. தள்ளுவதானால் இரு வழக்கறிஞர்களும் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். புதிய தேதி திட்டவட்டமாக இருக்க வேண்டும். வழக்கமான நிபந்தனைகளின்படி யாரால் தாமதமோ அவர் மற்றவருக்கு நாள்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். விகிதத்தை உங்கள் பத்திரத்திலேயே பாருங்கள். ஒரு கணக்குக்காக ஆண்டுக்கு 8 விழுக்காடு என்றும், மீதித் தொகையான 1,235,000 வெள்ளியின் மீது என்றும் வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்குச் சுமார் 270 வெள்ளி. குடும்பம் தங்கும் இடம், பொருள்களை வைக்கக் கிடங்கு, மாமியாரைச் சிகிச்சைக்கு அழைத்துப் போக டாக்சி என்று பார்த்தால் அது போதாமல் போகலாம். பிறகு தனியாக வழக்குப் போட்டு இந்தச் செலவுகளைக் கேட்டால், “ஒப்பந்தத்தில் சொன்ன தொகைதான் முழு இழப்பீடு” என்று எதிர்த்தரப்பு வாதாடும். அதனால் இந்தச் செலவுகளை யார் ஏற்பது என்பதைத் தேதியைத் தள்ளும் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். உங்கள் சம்மதம் அவர்களுக்குத் தேவைப்படும் இந்த இரண்டு நாளில்தான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு. கடிதத்தில் கையெழுத்திடும் முன் வங்கியிடம் கேளுங்கள்: கடனை எடுக்க வேண்டிய கடைசித் தேதி புதிய நாளுக்குப் பிறகு இருக்கிறதா? பணம் விடுவிப்பதை மறுபடி ஏற்பாடு செய்ய எத்தனை வேலை நாள் வேண்டும்?

மற்றொன்று, வெள்ளிக்கிழமையே முடித்துவிட்டு, விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைப்பது. மைத்துனர் வெள்ளிக்கிழமைக்குள் போய்விட்டு, ஏர்கானும் சுவர் ஓட்டையும் மட்டும் பாக்கி என்றால் இதுதான் நல்ல வழி. நிறுத்திவைக்கும் பணம் முகவரிடமோ விற்பவரிடமோ இருக்கக் கூடாது. 2011ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு, சட்ட நிறுவனம் சொத்துப் பரிமாற்றப் பணத்தை அதற்கென்று உள்ள தனிக் கணக்கில்தான் வைக்க முடியும். எவ்வளவு தொகை, எந்த வேலை முடிந்தால் விடுவிப்பது, எந்தத் தேதிக்குள் முடியாவிட்டால் உங்களுக்கே திரும்புவது என்று எழுத்தில் இருக்கட்டும். இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. விற்பனைத் தொகையிலிருந்து முதலில் விற்பவரின் வங்கிக் கடன் அடைய வேண்டும். அவர் சேம நிதியிலிருந்து எடுத்த பணமும் அதற்குரிய வட்டியும் அவருடைய கணக்குக்குத் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகு ரொக்கமாக எதுவும் மிஞ்சாது என்றால், எதிலிருந்து நிறுத்திவைப்பீர்கள்? ஒப்புக்கொள்ளும் முன் இதை உங்கள் வழக்கறிஞர் கேட்க வேண்டும்.

இரண்டுக்கும் விற்பவர் மசியாவிட்டால், நிறைவு நாள் கடந்தபின் 21 நாள் அவகாசம் தரும் நிறைவு அறிவிப்பை அனுப்பலாம். அந்த அவகாசம் முடிந்தும் அவர் ஒப்படைக்கவில்லை என்றால், ஒப்பந்தத்தை முறித்து முன்பணத்தையும் இழப்பீட்டையும் கேட்கலாம். அல்லது வீட்டைத்தான் வேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்கலாம். இந்த அறிவிப்பு இரு பக்கமும் வெட்டும். 21 நாளும் நீங்கள் தயாராக இருக்க வேண்டும். முறிக்கும் முன் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஆப்ஷனில் கையெழுத்திட்டு 14 நாளுக்குள் 36,600 வெள்ளி முத்திரை வரி கட்டியிருப்பீர்கள். ஒப்பந்தம் முறிந்தால் அது தானாகத் திரும்பி வராது. உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

விற்ற வீட்டில் தங்கியிருப்பது வேறு ஒப்பந்தம். பாசிர் ரிஸ்காரர் தாமதித்தார் என்பதை உங்கள் வீட்டை வாங்கியவர்கள் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. வீவக அனுமதிக்கும் தற்காலிகத் தங்கல் அதிகபட்சம் 3 மாதம். நீங்கள் இன்னும் அதற்குள் இருந்தால், கடைசி நாள் வரை காத்திராமல் இப்போதே அவர்களிடம் நேரில் போய் நிலைமையைச் சொல்லிக் கேளுங்கள். மாமியாரின் உடல்நிலையைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்கள் சம்மதித்தால் அதையும் வீவகவிடம் முறைப்படி தெரிவித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை, பணம் கைமாறும் முன், சிங்கப்பூர் நில ஆணையப் பதிவேட்டில் வழக்கறிஞர் மறுபடி ஒரு தேடல் செய்வார். விற்பவரின் மீது திவால் உத்தரவு இருக்கிறதா என்றும் பார்ப்பார். செய்தாரா என்று நீங்களும் கேளுங்கள். கடைசி நேரத்தில் “வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது” என்று மின்னஞ்சல் வந்தால், அதிலிருக்கும் எண்ணுக்கு அல்ல, உங்களிடம் முன்பே இருக்கும் அலுவலக எண்ணுக்கு அழைத்து உறுதி செய்யுங்கள்.

அந்த வாளி மிச்சமிருக்கிறது. வீடு உங்கள் பெயருக்கு வந்த அடுத்த நாளே கூட்டுரிமை நிர்வாகக் கழகத்துக்கு எழுதி, மேல்வீட்டையும் சேர்த்து ஆய்வு செய்யச் சொல்லுங்கள். கட்டடப் பராமரிப்பு, கூட்டுரிமை நிர்வாகச் சட்டம் 2004இன்படி, இத்தகைய தகராறு கூட்டுரிமை வாரியத்தின் முன் போனால், கூரையில் தெரியும் நீர்க்கசிவுக்கு மேலே உள்ள வீட்டிலோ பொதுப் பகுதியிலோதான் கோளாறு என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்ட வேண்டியது எதிர்த்தரப்பு. கறையைப் படமெடுத்துத் தேதியோடு வையுங்கள். விற்பவர் ஏற்கெனவே மேல்வீட்டுக்காரரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தால், அந்தக் கோப்பை வெள்ளிக்கிழமை சாவியோடு சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொய் சொன்னாரா இல்லையா என்பதும் அதைப் புரட்டினால் தெரிந்துவிடும்.