கடலடிக் கருவிகள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கடலடிக் கருவிகளுக்கு உறை, மூடி, சீல் வடிவமைப்பது என் வேலை. வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

சார், மத்ஸ்யா 6000 ஏன் உருண்டையாக இருக்கிறது?

மத்ஸ்யா 6000 என்பது 6000 மீட்டர் ஆழத்துக்கு ஆட்களோடு இறங்க வடிவமைத்த இந்திய நீர்மூழ்கிக் கலம். அதில் ஆட்கள் உட்காரும் கூடு மட்டும்தான் உருண்டை. கணக்குப் போட்டால் காரணம் புரிந்துவிடும். பத்து மீட்டர் இறங்கினால் தண்ணீரின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார் ஏறும். 6000 மீட்டரில் 600 பார், அதாவது 60 மெகாபாஸ்கல். சென்னையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் அந்தக் கூடு டைட்டானியம் கலவையால் ஆனது. விட்டம் 2.1 மீட்டர், சுவர் 80 மி.மீ. உருண்டையில் தகைவு (சுவரின் உலோகம் உள்ளுக்குள் தாங்கும் விசை, பரப்பளவுக்கு இவ்வளவு என்று) = அழுத்தம் × ஆரம் ÷ (2 × தடிமன்). விடை 400 மெகாபாஸ்கலை ஒட்டி வரும். அதே அளவில் உருளை செய்தால் கீழே இருக்கும் அந்த 2 காணாமல் போய் 800 ஆகிவிடும். வழக்கமான டைட்டானியம் கலவை நிரந்தரமாக நெளியத் தொடங்குவதே 850 பக்கத்தில்தான். அப்புறம் பாதுகாப்புக்கு என்ன மிச்சம்?

அண்ணா, மோட்டாருக்கும் அவ்வளவு தடிமனில் உறை வேண்டுமா?

வேண்டாம். உள்ளே எண்ணெய் நிரப்பி, ஒரு ரப்பர் பையோடு இணைத்துவிட்டால் கடல் எவ்வளவு அழுத்துகிறதோ அதே அழுத்தம் உள்ளேயும் வந்துவிடும். ஸ்பிரிங் வைத்து உள் அழுத்தத்தைக் கொஞ்சம் கூடுதலாக வைப்போம். கசிந்தாலும் எண்ணெய் வெளியே போகும், உப்புத் தண்ணீர் உள்ளே வராது. உறை மெல்லிய தகடாகவே இருக்கலாம். ஆனால் 600 பாரில் எண்ணெயே சில சதவீதம் சுருங்கும், குளிரில் இன்னும் சுருங்கும். பையில் அதற்கு இருப்பு இல்லையென்றால் வேலை கெட்டது. உள்ளே காற்று அடைபட்ட மின்னணு உறுப்புகளையும் எண்ணெயில் போடாதீர்கள், நசுங்கிவிடும்.

ஒரு ஓ-ரிங் எப்படி 600 பாரைத் தாங்குகிறது?

ஓ-ரிங் என்பது மூடிக்கும் உறைக்கும் நடுவே ஒரு காடியில், அதாவது வெட்டிய பள்ளத்தில், உட்காரும் ரப்பர் வளையம். தாங்குவது உலோகம், ரிங் இடைவெளியை அடைக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் தள்ளத் தள்ள ரப்பர் காடியின் மறுபக்கச் சுவரில் போய் அழுந்தும். அழுத்தம் கூடக்கூடப் பிடிப்பும் கூடும். இடைவெளி பெரிதாக இருந்தால் ரப்பர் அதற்குள் பிதுங்கிக் கிழியும். அதற்குத்தான் பின்னால் கெட்டியான பேக்-அப் ரிங்.

இதனால் ஒரு வேடிக்கை உண்டு. பல கசிவுகள் ஆழத்தில் வராது, முதல் சில மீட்டரில்தான் வரும். அங்கே ரிங்கை இறுக்க அழுத்தம் போதாது. ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தாலே போதும். ஆகவே அழுத்தத் தொட்டியில் சோதிக்கும்போது நேராக 600 பாருக்கு ஏற்றாதீர்கள்; குறைந்த அழுத்தத்தில் முதலில் நிறுத்திப் பாருங்கள். மூடுவதற்கு முன் காடியில் விரல்நகத்தை ஓட்டுங்கள். குறுக்குக் கீறல் தட்டுப்பட்டால் அந்த மூடி வேண்டாம். கிரீஸ் ரிங் பளபளக்கும் அளவுக்கு மட்டும். அப்பி வைத்தால் தூசியைத்தான் சேர்க்கும்.

எஸ்.எஸ். 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காதுதானே?

திறந்த பரப்பில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஓ-ரிங் காடி, வாஷரின் அடி போன்ற இடுக்குகளில் ஆக்சிஜன் தீர்ந்து, குளோரைடு சேர்ந்து, அமிலமாகிக் குழி விழும். நீண்ட நாள் கடலில் கிடக்க வேண்டியதற்கு டைட்டானியமோ, சூப்பர் டூப்ளெக்ஸ் என்ற உயர்ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வாங்குங்கள்.

அப்படியானால் நிறைய அனோடு கட்டிவிட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. அனோடு என்பது தான் கரைந்து மற்ற உலோகத்தைத் துருவிலிருந்து காக்கும் உலோகத் துண்டு. அது காக்கும் உலோகத்தின் பரப்பில் ஹைட்ரஜன் உண்டாகலாம். அந்த ஹைட்ரஜன் கடினமான போல்டுக்குள் புகுந்தால், ஒருநாள் முன்னறிவிப்பே இல்லாமல் தலை முறிந்து விழும். அதிக வலிமை போல்டு என்று ஆசைப்படுவது இங்கே ஆபத்து. டூப்ளெக்ஸ் வகைக்கும் இந்த நோய் உண்டு.

டைட்டன் விபத்துக்குக் கார்பன் ஃபைபர்தான் காரணமா?

2023 ஜூனில் டைட்டானிக் சிதைவை நோக்கி இறங்கியபோது நொறுங்கிய அந்தக் கலத்தின் உடல், கார்பன் ஃபைபர் உருளை. இரு முனையிலும் டைட்டானியம் மூடிகள். இழை இழுவிசையில் சூரன். வெளியிலிருந்து அமுக்கும்போது இழை நெளிந்துவிடாமல் பிடித்து வைக்கும் பொறுப்பு பிசினுக்கும் அடுக்குகளின் ஒட்டுக்கும் போகிறது. ஒவ்வொரு இறக்கத்திலும் அடுக்குகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியலாம். ஆள் ஏறும் கலத்துக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

கசிந்த உறையை மேலே எடுத்ததும் திறக்கலாமா?

கூடவே கூடாது. ஆழத்தில் புகுந்த தண்ணீர் உள்ளிருந்த காற்றை அமுக்கி வைத்திருக்கலாம். ரிங் மறுபடி அடைத்துக்கொண்டால் அந்த அழுத்தம் அப்படியே மேலே வரும். போல்டைக் கழற்றினால் மூடி குண்டு மாதிரிப் பறக்கும். மூடிக்கு நேரே யாரும் நிற்க வேண்டாம். அழுத்தம் விடும் வால்வு இருந்தால் முதலில் அதைத் திறங்கள். இல்லையென்றால் மூடியைக் கட்டிப்போட்டு, போல்டுகளை அரைச் சுற்று அரைச் சுற்றாக மட்டும் தளர்த்துங்கள். சீறும் சத்தம் அடங்கிய பிறகே மிச்சத்தைக் கழற்றுங்கள். உள்ளே லித்தியம் பேட்டரி இருந்தால் உறையை வெட்டவெளிக்குக் கொண்டுபோய்விட்டுத் தொடங்குங்கள்.