கோட் ஸ்மெல் (கோட் ஓடினாலும் அதன் வடிவமைப்பில் குறை இருப்பதைக் காட்டும் அறிகுறி) இருந்தால் மென்பொருளின் நிலைத்தன்மை கெடுமா? கோட்-ஐ அலசும் கருவியான சோனார்க்யூப் நூற்றுக்கணக்கில் காட்டுகிறது, எதை முதலில் சரிசெய்வது?

எல்லா ஸ்மெல்லும் கெடுக்காது. ரிப்போர்ட்டில் வந்த வரிசைப்படி திருத்தாதீர்கள். ஸ்மெல் உள்ள கிளாஸ் எவ்வளவு அடிக்கடி மாறுகிறது, அதை நம்பி எத்தனை கிளாஸ்கள் இருக்கின்றன, இந்த இரண்டையும் பாருங்கள். மாதக் கடைசி ரிப்போர்ட்டுக்கு மட்டும் ஓடும் 300 வரி மெத்தடை இரண்டு வருடமாக யாரும் தொடவில்லையா? அப்படியே விட்டுவிடுங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது ஷாட்கன் சர்ஜரிக்கு, அதாவது ஒரே ஒரு மாற்றத்துக்குப் பல கிளாஸ்களைத் திருத்த வேண்டிய நிலைக்கு. 'சென்னைக்குள் டெலிவரி இலவசம்' என்ற விதிக்காக, பின்கோடு 600-ல் தொடங்குகிறதா என்ற சோதனையை கார்ட், இன்வாய்ஸ், ரிட்டர்ன் என்று மூன்று கிளாஸில் தனித்தனியாக எழுதியிருப்பார்கள். கேளம்பாக்கத்தையும் சேர்க்கச் சொல்வார்கள். அதன் பின்கோடு 603103. ரிட்டர்னை மட்டும் திருத்த மறந்தால் கம்பைலர் வாயே திறக்காது. பழைய டெஸ்ட்டுகளும் பாஸ் ஆகும். கார்ட்டில் இலவசம் என்று காட்டிய ஆர்டருக்கு ரீஃபண்டில் டெலிவரி கட்டணம் கழியும். அந்தச் சோதனையை 'டெலிவரி எல்லை' என்று ஒரே கிளாஸுக்குள் வைத்து, மற்ற மூன்றும் அதனிடம் கேட்கட்டும்.

பேக்கேஜ் (கிளாஸ்களின் தொகுப்பு) அளவில், மென்பொருள் நிபுணர் ராபர்ட் மார்ட்டின் 1994-ல் கொடுத்த நிலையின்மைக் கணக்கு (instability) இன்றும் கைகொடுக்கும். இந்த பேக்கேஜ் சார்ந்திருக்கும் வெளி கிளாஸ்களின் எண்ணிக்கையை, அதோடு இதைச் சார்ந்திருப்பவற்றையும் கூட்டி வரும் மொத்தத்தால் வகுக்க வேண்டும். ஆர்டர் பேக்கேஜ் 12 கிளாஸ்களைச் சார்ந்து, 18 கிளாஸ்கள் அதைச் சார்ந்திருந்தால் 12/30, அதாவது 0.4. பூஜ்யத்தை நெருங்க நெருங்க மாற்றுவது கடினம். 1-ஐ நெருங்கினால் தாராளமாக மாற்றலாம். சார்பு எப்போதும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணை நோக்கிப் போக வேண்டும். தீபாவளி, பொங்கல் என்று மாறிக்கொண்டே இருக்கும் 0.8 ஆஃபர் பேக்கேஜை ஆர்டர் நேரடியாக அழைத்தால், ஒவ்வொரு பண்டிகைக்கும் அந்த 18 கிளாஸ்களும் ஆட்டம் காணும். தள்ளுபடிக்கான இன்டர்ஃபேஸை (எதைக் கேட்கலாம் என்ற வரையறை மட்டும்) ஆர்டர் பேக்கேஜிலேயே வைத்து, ஆஃபர் அதை இம்ப்ளிமென்ட் செய்யட்டும். சார்பு திரும்பிவிடும்.

கோட் மாற்றங்களின் பதிவேடான கிட் லாகில் கடந்த 6 மாதம் அதிகம் மாறிய 10 ஃபைல்களை எடுங்கள். ஒரே கமிட்டில் (ஒருமுறை பதிவாகும் மாற்றத்தில்) சேர்ந்தே மாறும் ஜோடிகளையும் குறியுங்கள்; சோனார்க்யூபுக்குத் தெரியாத ஷாட்கன் சர்ஜரி அங்கேதான் மாட்டும். கை வைக்கும் முன் இப்போதைய நடத்தையை டெஸ்ட்டாக எழுதிவிடுங்கள், அது தவறாகவே இருந்தாலும். கோட்-ஐ இடம் மாற்றும் கமிட்டில் விதியை மாற்றாதீர்கள். இரண்டும் கலந்தால் எது உடைத்தது என்று பைசெக்ட் செய்தாலும் (பிழை புகுந்த கமிட்டைத் தேடினாலும்) பிரித்தறிய முடியாது.