வயிறு நிறைந்தும் சாகும் கூடு மான்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்தில், வாட்டர்பெர்க் பக்கம், 900 ஹெக்டேர் வேலியடைத்த வனவிலங்குப் பண்ணையைக் கவனித்துக்கொள்கிறேன். ஏப்ரலில் ஏலத்தில் எடுத்த 20 பெட்டைகளையும் சேர்த்து 82 பெரிய கூடு மான்கள் (greater kudu, முறுக்குக் கொம்புள்ள ஆப்பிரிக்க மான்) இருந்தன. ஆகஸ்ட் (இங்கே குளிர்காலம்) பிறந்ததிலிருந்து 11 செத்துவிட்டன. பெரும்பாலும் வயதான பெட்டைகளும் போன கோடையில் பிறந்த குட்டிகளும்தான். மாலையில் நடமாடுகிறது, குளிர் இரவு கழிந்தால் காலையில் கிடக்கிறது. ஒன்றை நானே அறுத்துப் பார்த்தேன். வயிறு நிறைய இலை. தீவனக்காரர் பெல்லட்டும் (குச்சித் தீவனம்), டானினை, அதாவது இலையின் துவர்ப்புப் பொருளை, முறிக்கும் பொடியும் எடுக்கச் சொல்கிறார். ஒரு மானுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?

பதில்: முதலில் அந்தக் கத்தியைக் கீழே வையுங்கள். திடீரென்று செத்த விலங்கை அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் இல்லை என்று உறுதியாகும் வரை அறுக்கக் கூடாது. க்ரூகர் தேசியப் பூங்காவின் வடபகுதியில் அடைப்பான் வந்தால் அதிகம் சாவது கூடு மான்தான். பிணத்தைத் தின்ற ஈ பக்கத்து இலையில் உட்கார்ந்து கக்குகிறது. அது சரியாகக் கூடு மானின் வாய் எட்டும் உயரம். அறுத்தவர், கூட இருந்தவர் யாருக்காவது தோலில் கொப்புளமோ காய்ச்சலோ வந்தால் அன்றே மருத்துவரிடம் போய் விஷயத்தைச் சொல்லட்டும். அரசுக் கால்நடை மருத்துவரையும் உடனே கூப்பிடுங்கள்.

அவர் அடைப்பான் இல்லை என்று சொல்லிவிட்டால், நீங்கள் எழுதியதை வைத்து நான் சந்தேகப்படுவது பட்டினி. வயிறு நிறைந்த பட்டினி.

1980களில் அன்றைய ட்ரான்ஸ்வால் மாகாணத்துப் பண்ணைகளில் இதே மாதிரி குளிர்காலத்தில் கூடு மான்கள் கூட்டமாகச் செத்தன. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் வௌட்டர் ஃபான் ஹோவன் ஆராய்ந்தபோது, வயிற்றில் இலை இருந்தது, ஆனால் செரிக்கவில்லை. மேய்ந்து மேய்ந்து கடிபட்ட மரம் இலையில் டானினை ஏற்றிக்கொள்கிறது. அந்தத் துவர்ப்பு புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், பெருவயிற்று நுண்ணுயிர்களின் வேலையையும் முடக்கும். மரத்துக்கு மரம் காற்றில் சேதி போகிறது என்று அவர் சொன்ன பகுதியைப் பற்றி விவாதம் உண்டு. உங்கள் பிரச்சினைக்கு அது வேண்டாம். உங்களுக்கு வேண்டியது இதுதான்: வேலியில்லாத காட்டில் கூடு மான் ஒரு மரத்தில் நாலு வாய் கடித்துவிட்டு நகர்ந்துவிடும். வேலிக்குள் அதே மரத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும். ஆகஸ்டில் நல்ல இலையெல்லாம் உதிர்ந்து, மிச்சம் நிற்பது கெட்டித் தோல் போன்ற துவர்ப்பு இலைதான். மானுக்கு உடம்பில் கொழுப்பு இல்லை, இரவில் குளிர். விடிவதற்குள் விழுந்துவிடுகிறது.

இப்போது பொடி. அது பாலிஎத்திலீன் கிளைக்கால். டானினைப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை, இந்த மாதத்துக்கு வாங்குங்கள், மூட்டையில் அச்சடித்திருக்கும் அளவே போதும். மக்காச்சோளமும் மொலாசஸும் சேர்ந்த பெல்லட்டை மட்டும் இப்போது எடுக்காதீர்கள். கூடு மான் புல் தின்னும் மாடு அல்ல. இலையைப் பொறுக்கித் தின்னும் சாதி, பெருவயிறு சிறியது. பட்டினி கிடந்த வயிற்றில் மாவுச்சத்தைக் கொட்டினால் அமிலம் ஏறி இரண்டே நாளில் சாகும். யூரியா கலந்த நக்குக்கட்டியும் வேண்டாம், அதில் மழைத் தண்ணீர் தேங்கினால் குடிக்கிற மானுக்கு அது விஷம். தீவனக் கடைக்காரர் மாட்டுக்கு விற்றதைப் பை மாற்றி மானுக்கு விற்பதை இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மான் படம் போட்ட பை என்பதற்காக வாங்காதீர்கள். பின்பக்கம் என்ன கலந்திருக்கிறது என்று படியுங்கள்.

இலை உதிராத குதிரை மசால் (லூசர்ன் தீவனப் பயிர்) கொடுங்கள். தண்டு மட்டும் மிஞ்சிய கட்டு வேண்டாம். அதைவிட முக்கியம், கிளை வெட்டிக் கொடுப்பது. இதை நான் யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. கூடு மான் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் வரைதான் எட்டும், அதற்கு மேலே கடிபடாத இலை நிற்கிறது. விரல் தடிமன் கிளைகளை வெட்டி, தலை உயரத்தில், பத்துப் பதினைந்து இடத்தில் பிரித்துக் கட்டுங்கள். ஒரே இடத்தில் குவித்தால் வலுத்த மான் நிற்கும், குட்டி பார்த்துக்கொண்டு நிற்கும். ஒரே வகை மரமாக வெட்டாமல் நாலைந்தைக் கலந்து வெட்டுங்கள்.

அடுத்த வருடத்துக்கு, பிப்ரவரியில் பச்சை நிற்கும்போதே விடத்தலையை வெட்டி நிழலில் உலர்த்துங்கள். நம் ஊர்க் கரிசல் ஓரத்தில் முள்ளோடு நிற்கிற அதே விடத்தலைதான் அங்கே பண்ணையை மூடிக்கொண்டு வளர்கிறது. அதன் காயையும் பொறுக்கி வையுங்கள், குளிர்காலத்தில் நல்ல புரதம். நமீபியப் பண்ணையாளர்கள் வறட்சியில் புதரை அரைத்தே மந்தையைக் காப்பாற்றுகிறார்கள். உங்கள் முதலாளி புதரை ஒழிக்க மருந்து அடிக்கிறார் என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். அது உங்கள் தீவனக் கிடங்கு.

நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். 900 ஹெக்டேரில் 82 என்றால் 100 ஹெக்டேருக்கு ஒன்பது. கைத்தீவனம் இல்லாமல் நான் மூன்று, மிஞ்சிப்போனால் நாலுக்கு மேல் ஒத்துக்கொள்ள மாட்டேன். குளிர்காலம் வாசலில் நிற்கும்போது 20 பெட்டைகளை விற்றவர் உங்களுக்குத் தீங்குதான் செய்திருக்கிறார். 1991இல் வந்த சட்டப்படி, முறையாக வேலியடைத்து அத்தாட்சி வாங்கினால் விலங்கு உங்கள் சொத்து. வேலியைத் தாண்டிப் போனாலும் உங்களுடையதுதான். சரி. ஆனால் 2.4 மீட்டர் வேலி எழுப்பி வழியை அடைத்த அன்றே, அதற்கு இலை தேடித் தருகிற வேலையும் உங்களுடையதாகிவிட்டது.

இப்போது பிடித்து விற்கலாம் என்று யாராவது வண்டி கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். மெலிந்த மானைத் துரத்தினால் தசை கெட்டு, பிடித்த பிறகு நாலைந்து நாள் கழித்துக்கூடச் சாகும். பெட்டைகள் சினையாகவும் இருக்கும். மார்ச்சில் எண்ணுங்கள், மே மாதத்தில், உடம்பு தேறி நிற்கும்போது, அதிகப்படியை வெளியே அனுப்புங்கள். கொம்பு நீளத்துக்காகக் கடாக்களை மட்டும் சேர்த்துவைக்கிற பழக்கமும் வேண்டாம். இரண்டரை முறுக்கு முழுசாக வர ஆறு வருடம் ஆகும்; ஆறு வருடம் அது தின்ன இலை வேண்டும்.

அடுத்த கடிதத்தில் ஒன்று எழுதுங்கள்: செத்த 11இல் ஏப்ரலில் ஏலத்தில் வந்தவை எத்தனை? காதில் அட்டை இருந்திருக்கும், செத்தவற்றைப் படம் எடுத்திருந்தால் அதைப் பார்த்தாலே தெரியும்.