வொல்ஃப்காங் ஷொய்ப்லே ஏன் ஜெர்மனியின் சான்சலர் (நம் பிரதமர் போன்ற பதவி) ஆகவே இல்லை?

தகுதி இல்லாமல் இல்லை. 1972 முதல் 2023-இல் இறக்கும்வரை 51 ஆண்டுகள் எம்.பி.யாக இருந்தவர் அவர். அந்நாட்டு நாடாளுமன்றத்தில் வேறு யாரும் அவ்வளவு காலம் இருந்ததில்லை.

1990-இல் உள்துறை அமைச்சராக இருந்து, இரு ஜெர்மனிகளும் இணைவதற்கான ஒப்பந்தத்தை மேற்கு ஜெர்மனி சார்பில் பேசி முடித்தார். இணைப்பு நடந்து ஒன்பதே நாளில், ஒரு தேர்தல் கூட்டத்தில் மனநலம் குன்றிய ஒருவர் அவரைச் சுட்டார். அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். ஆனாலும் சில வாரங்களிலேயே வேலைக்குத் திரும்பிவிட்டார். அடுத்த ஆண்டு, தலைநகர் பான் நகரமா பெர்லினா என்ற விவாதத்தில் பெர்லினுக்காக அவர் பேசிய பேச்சுதான் திருப்புமுனை என்பார்கள். 338-க்கு 320 என்று பெர்லின் வென்றது.

சரி, சான்சலர் பதவி? அப்போது சான்சலராக இருந்த ஹெல்முட் கோல் 1997-இல் இவரையே வாரிசு என்றார். ஆனால் 1998 தேர்தலில் பதவியை விடாமல் கோல் தானே நின்று தோற்றார். அப்புறம் ஷொய்ப்லே அவர்களது சி.டி.யு. கட்சிக்குத் தலைவரானார். ஆயுத வியாபாரி ஒருவரிடம் 1,00,000 மார்க் ரொக்க நன்கொடை வாங்கிய விவகாரத்தில் 2000-இல் விலக நேர்ந்தது. அந்த இடத்துக்கு வந்தவர் அங்கேலா மெர்க்கல். பிறகு சான்சலரான மெர்க்கலின் அமைச்சரவையிலேயே உள்துறை, நிதி என்று 12 ஆண்டுகள் இருந்தார் ஷொய்ப்லே. கிரேக்கர்களுக்கு அவரை நினைவிருப்பது, அவர்களின் கடன் நெருக்கடியில் கடும் சிக்கனத்தை வலியுறுத்திய நிதியமைச்சராகத்தான், அதுவும் அன்போடு அல்ல.