வீடியோ பார்த்தும் மனதில் நிற்கவில்லையா?

அக்கா, உங்கள் தம்பி என்பிடெல் (NPTEL, ஐஐடிகள் இணையத்தில் இலவசமாக நடத்தும் பாடங்கள்) வகுப்பை மணிக்கணக்கில் பார்த்தும் கேள்வி கேட்டால் முழிக்கிறான், மதியத்துக்குள் டேட்டாவும் தீர்ந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். டேட்டாவுக்கு வழி இருக்கிறது: வைஃபை கிடைக்கும்போது வீடியோவையும் அதன் எழுத்து வடிவத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளட்டும், பல பாடங்களுக்குத் தமிழிலும் உண்டு. தண்டையார்பேட்டை வீட்டில் சத்தம் என்றால் கொளத்தூரில் 2024-ல் திறந்த அரசின் பொதுப் படிப்பிடமான முதல்வர் படைப்பகத்தில் உட்கார்ந்து படிக்கலாம்.

பெரிய பிரச்சினை அவன் பார்க்கும் விதம்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வீடியோவை நிறுத்தி, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கேட்டதை வெள்ளைத்தாளில் சொந்தமாக எழுதச் சொல்லுங்கள், எழுத வராத இடம்தான் அவனுக்குப் புரியாத இடம், அதை மட்டும் திரும்பப் பார்த்தால் போதும். அப்புறம் ஆங்கிட்ராய்டு (AnkiDroid) என்ற கேள்வி-பதில் அட்டை செயலி, ஆண்ட்ராய்டில் இலவசம். "மின்தடை இரட்டிப்பானால் மின்னோட்டம் என்ன ஆகும்?" என்று ஒரு அட்டை போட்டால், மறந்தால் சீக்கிரமும் நினைவிருந்தால் பல நாள் கழித்தும் அதே கேள்வியைக் கேட்கும். சும்மா திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வாராந்திர அசைன்மென்ட்டை மட்டும் விடவே கூடாது. இறுதி மதிப்பெண்ணில் 25 சதவீதம் அதற்குத்தான், 12 வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மென்ட்டின் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வார்கள்.